பதினோரு பீப்பாய் எண்ணெய்

துப்பறியும் கதை எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. இதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வதுதான் முறை என்று கருதுகிறேன். நான் படித்தது முதுகலை வணிகவியல். இதற்கு முன் எழுதியவை விண்ணப்பங்களும் விளக்கக் கடிதங்களும் மட்டுமே. பேருந்தில் ஏறி இறங்குவதற்குள் படித்து முடிக்கும்படி விறுவிறுப்பாக எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்க, அவர்களுடைய வரிசையில் ஓரமாக நிற்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிழைகளைப் பொறுத்தருளும்படி வாசகப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அப்படியிருந்தும் ஏன் எழுதத் துணிந்தேன் என்பதை இந்தக் கதை முடிவதற்குள் தாங்களே அறிவீர்கள். இந்த மன்னிப்பை எதற்காகக் கேட்டேன் என்பதும் அப்போது விளங்கும்.

நான் பணிபுரிந்த அலுவலகம் திண்டுக்கல் திருச்சி சாலையில், ஒரு பூட்டுக் கடையின் மாடியில் இருந்தது. 'ராபின் பைலிங் சென்டர்' என்பது பெயர். அங்கே நாங்கள் ஒன்பது பேர் செய்த வேலையை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலம். அங்கே நிலத்தடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பவர்கள், எந்தக் கிணற்றில் எத்தனை பீப்பாய் எடுத்தோம் என்று மாதந்தோறும் அந்த மாநில அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். எடுத்ததற்கு உற்பத்தி வரியும் செலுத்த வேண்டும். அந்த அறிக்கைகளையும் வரிப் படிவங்களையும் தயாரித்து இணையம் வழியே அனுப்புவதே எங்கள் தொழில். எங்களில் ஒருவர்கூட எண்ணெய்க் கிணற்றைக் கண்ணால் கண்டதில்லை.

என் பெயர் அமலராணி. எண்களைப் பதிவு செய்வது சுகன்யாவின் வேலை. பதிந்ததைச் சரிபார்ப்பது என்னுடைய வேலை. சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பெண்ணான அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் நானே.

சென்ற ஐப்பசியில், நாற்பத்தேழு கிணறுகள் வைத்திருந்த எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளருக்கு அந்த மாநில அரசு தணிக்கை அறிவிப்பு அனுப்பியது. படிவங்களில் பொய்யான எண்கள் இருந்தனவாம். எவை அந்த எண்கள் என்பதை உரிமையாளர் ராபின் சார் எங்களிடம் சொல்லவில்லை. அவை சுகன்யாவின் கடவுச்சொல்லில் பதிவானவை என்று மட்டும் சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பார்த்து, "பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பும்மா" என்றார்.

சுகன்யா படியிறங்கும் முன் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை அணைந்திருந்தது.

வாடிக்கையாளர் விட்டபாடில்லை. யார் செய்தது என்று பெயர் வேண்டும். காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலும் வேண்டும். வியாழக்கிழமை நம் நேரம் மாலை ஐந்து மணிக்குள் இரண்டும் வந்து சேர வேண்டும் என்று எழுதினார். சுகன்யாவுக்குக் கோவையில் ஒரு நிறுவனம் வேலை தந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு எங்கள் அலுவலகத்தின் அனுபவச் சான்றிதழ் தேவை. அவள் பேரில் காவல் நிலையப் புகார் ஒன்று இருந்துவிட்டால் அந்த வேலை அவளுக்கு இல்லை.

முந்தைய நாளே ராபின் சார் விவரங்களை அனுப்பி அழைத்திருந்த கமர்ஜஹான் மேடம் புதன்கிழமை நண்பகலில்தான் வந்தார்.

அவர் வணிக வரித் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். வியாபாரிகள் தங்களுக்குள் ஏமாற்றிக்கொண்டால் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் அவரிடம் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரு கைகளிலும் பைகளைச் சுமந்தபடி ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். அவர் பிராங்கிளின். மேடம் பணியில் இருந்த காலத்தில் அவருடைய ஜீப்பை ஓட்டியவர்; இப்போது சொந்த ஆட்டோ ஓட்டுகிறார்.

"மேடம், துப்பறிய வந்திருக்கமா, கேட்டரிங்கா? மொதல்லயே சொல்லிருந்தா தலைக்குத் துண்டு கட்டிட்டு வந்திருப்பேன்" என்றார் பிராங்கிளின்.

"பைய கீழ வைலே. வாயையும் சேத்து வை."

பையில் எவர்சில்வர் டப்பாக்கள் இருந்தன. தங்கை மகள் மருத்துவப் படிப்பில் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, மேடம் எங்கள் எட்டுப் பேருக்கும் நெய்ச்சோறும் தால்சாவும் ஆளுக்கொரு டப்பாவாகக் கொடுத்தார். ஒன்பதாவது டப்பா சுகன்யாவின் வீட்டுக்கு ஆட்டோவில் போனது.

"சாப்ட்டுட்டு டப்பாவ வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லாக் கழுவி நாளைக்குக் காலையில கொண்டாங்க. எங்க அக்கா வீட்டு டப்பா. ஒண்ணு கொறஞ்சாலும் என்னய உள்ள விடமாட்டா."

விசாரணை அவ்வளவுதான். ராபின் சாரிடம் பத்து நிமிடம் பேசினார். என் பக்கத்து மேசைக்காரனான அஜயிடம் அவனுடைய புதிய பைக்கின் விலையைக் கேட்டார். என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு எல்லோரும் டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தோம். பிராங்கிளின் ஒவ்வொன்றையும் வாங்கிப் பையில் அடுக்கினார். அடுக்கி முடித்ததும் மேடம் என்னை அழைத்தார்.

"அமலா, சின்னாளபட்டி வரைக்கும் போய்ட்டு வரலாம். அந்தப் புள்ள வீட்டுக்கு வழி தெரியும்ல? இந்த எண்ணெய்க் கணக்க எனக்கு வெளக்கிச் சொல்லவும் ஆள் வேணும்."

நான் ராபின் சாரைப் பார்த்தேன். "கூட்டிட்டுப் போங்க மேடம். ராணி மேடம் ஒம்பது வருசமா செக் பண்றவங்க. அவங்க டிக் அடிச்சா நான் கண்ண மூடிட்டு அனுப்பிருவேன்" என்றார் அவர்.

அந்தச் சொற்களை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆட்டோ மதுரைச் சாலையில் திரும்பியது. இரவு பெய்த மழையில் சிறுமலை கழுவி வைத்தது போல நின்றது.

"டீச்சர், எனக்கு ஒரு டவுட்டு" என்றார் பிராங்கிளின். நான் பேசும் விதத்தைக் கேட்டு அவராகவே எனக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார். "நம்ம ஆட்டோவும் கேஸ்லதான் ஓடுது. இதுக்கும் அமெரிக்காக்காரனுக்கு நான் ஏதும் பாரம் எழுதிக் குடுக்கணுமா?"

"எடுக்கிறவர்தான் கொடுக்கணும் அண்ணே. எரிக்கிறவர் கொடுக்க வேண்டியதில்லை."

"அப்பாடா. அப்ப ஊர எரிச்சா வரி இல்ல."

"ரோட்டப் பாருலே" என்ற மேடம், கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார். "இதுதான் அந்தப் பொய் எண்ணு. முப்பத்தொண்ணாம் நம்பர் கிணறு. படிச்சுச் சொல்லு."

முப்பத்தொன்றாம் கிணற்றின் கடந்த இரண்டு ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. தொடக்கத்தில் மாதம் நாற்பது பீப்பாய். பிறகு இருபத்தாறு. பதினான்கு. ஒன்பது. நான்கு. இரண்டு. அதன் பிறகு பதினோரு மாதங்கள், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று. ஒன்று, ஒன்று, ஒன்று என்று தாளின் அடி வரை இறங்கியது.

தாளை மடியோடு அழுத்திப் பிடித்தேன். ஆட்டோவில் காற்று அதிகம்.

"எண்ணெய வாங்குற கம்பெனியும் அரசாங்கத்துக்குத் தனியா கணக்குக் குடுக்குதாம்ல? அவன் இந்தப் பதினோரு மாசமும் இந்தக் கிணத்துல சொட்டுக்கூட வாங்கலன்னு எழுதிருக்கான். நீங்க மாசம் ஒரு பீப்பாய் வித்ததா எழுதி வரியும் கட்டிருக்கீக. ரெண்டும் ஒட்டல. அப்ப அந்த எண்ணெய் எங்க போச்சு? திருட்டுத்தனமா வேற எங்கயோ விக்கிறீகளான்னு கேட்டு, நாப்பத்தேழு கிணத்தையும் தோண்ட ஆரம்பிச்சிட்டான். சரியா?"

"சரிதான் மேடம்."

"இதுல ஒனக்கு என்னம்மா தோணுது?"

"கிணறு வத்திப்போச்சு மேடம்" என்றேன். அது பொய் இல்லை.

மேடம் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஏலே பிராங்கிளின், செக்போஸ்ட்டுல நாம எத்தன லாரிய நிறுத்திருப்போம்?"

"வானத்து நட்சத்திரத்த எண்ணச் சொல்றீகளே."

"அதுல எவனாச்சும் லாரியில இருந்தத விடக் கூட எழுதிக் குடுத்திருக்கானா?"

பிராங்கிளின் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். "கூடவா? நூறு மூட்ட ஏத்திட்டு எண்பதுன்னு எழுதுவான். எண்பத ஏத்திட்டு நூறுன்னு எழுதுனா அவனுக்கு மொதல்ல ஆஸ்பத்திரிதான் மேடம் பாக்கணும்."

"அதேதான். வரி ஏய்க்கிறவன் கொறைப்பான். இங்க ஒருத்தர் இல்லாத எண்ணெய்க்கு வரி கட்ட வச்சிருக்காக. இன்னொண்ணு பாரு. களவாணி எண்ணுக்கு மேக்கப் போடுவான். ஒரு மாசம் மூணு, ஒரு மாசம் அஞ்சு, நடுவுல ஒரு சைபரு. பாக்குறவன் நம்பணும்ல? இது பதினோரு மாசமும் ஒண்ணு. ஏமாத்தணும்னு நெனப்பே இல்லாதவக போட்ட எண்ணு இது."

"ஏமாத்த நெனப்பில்லாதவுக எதுக்கு மேடம் பொய் எழுதணும்?"

"அதத்தான் தேடிப் போறோம்."

கேட்டுக்கொண்டிருந்த நான் காந்திகிராமத்து மரங்கள் கடந்து போவதை எண்ணிக்கொண்டு வந்தேன்.

சுகன்யாவின் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அவளுடைய தாயார் சொர்ணலட்சுமி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வாங்கம்மா. நீங்க இருக்கிற எடத்துல எம்புள்ளைக்கு இப்பிடி ஆகலாமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா அந்த மொதலாளி கேக்கமாட்டாரா?"

"சொல்றேன்மா" என்றேன்.

சுகன்யா உள்ளிருந்து வந்தாள். நான்கு நாட்களில் முகம் சிறுத்துவிட்டது. மேடம் சுற்றி வளைக்கவில்லை. தாளை அவளிடம் நீட்டினார்.

"ஒன் பாஸ்வேர்டை வேற யாரெல்லாம் வச்சிருக்காக?"

"எல்லாருந்தான் மேடம். ஒம்பது பேருக்கு மூணுதான் வாங்கிருக்காரு சார். தனித்தனியா வாங்கினா செலவாம். நான் பதிஞ்சு முடிச்சா அதே ஸ்கிரீன்லதான் மத்தவங்களும் பாப்பாங்க."

"முப்பத்தொண்ணுக்கு நீ என்ன போட்ட?"

"சைபர்தான் மேடம் போட்டேன். எண்ணெய் இல்லேன்னு அங்கேருந்து மெயில் வரும். அப்பிடியே போட்டேன்."

"அப்ப சைபர் எப்பிடி ஒண்ணாச்சு?"

சுகன்யா தாளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"தெரியல மேடம்."

"நீயா யோசிச்சுப் பாத்தியா?"

"தெரியல மேடம். நான் போடல. அம்புட்டுத்தான் சொல்ல முடியும்."

"பெரிய மனசு பண்ணி ஒரு பேரச் சொல்லு தாயி, இல்லேன்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒன் பேர எழுதிருவாரு ஒங்க மொதலாளி" என்றார் வாசலில் நின்ற பிராங்கிளின். அவர் குரலில் கேலி இல்லை.

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

மேடம் எழுந்தார். "நேத்துக் குடுத்த டப்பாவத் தாங்க. கெளம்புறோம்."

சொர்ணலட்சுமி அம்மாள் கழுவிக் கவிழ்த்திருந்த டப்பாவை எடுத்து, நீரை உதறிக் கொடுத்தார். மேடம் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடினார். நான் அதைக் கவனித்தேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

வாசலில் சுகன்யா என் அருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி, "கவலைப்படாதீங்கக்கா" என்றாள். வேலை போனவள் அவள். ஆறுதல் சொன்னவளும் அவளே.

அம்பாத்துரைப் பிரிவில் தேநீர்க் கடை ஒன்றின் முன் ஆட்டோ நின்றது. பிராங்கிளின் வடை ஒன்றை எடுத்துக்கொண்டு தமது தீர்ப்பைச் சொன்னார்.

"மேடம், அஜய்தான். புது பைக்கு. நான் விசாரிச்சிட்டேன், ஒண்ணேமுக்கால் லட்சம். வாங்குற சம்பளத்துக்கு அவன் டயர் மட்டுந்தான் வாங்க முடியும்."

"அவங்கப்பா வத்தலக்குண்டுல எடம் வித்துக் குடுத்தது. நேத்தே கேட்டுட்டேன். அந்தப் பயலுக்கு முப்பத்தொண்ணுங்கிறது வெறும் வரிச நம்பரு. அது ஒரு கிணறுன்னே அவனுக்குத் தோணிருக்காது. இத எழுதுன ஆளுக்கு அது கிணறா தோணிருக்கு."

"அப்ப மொதலாளி?"

"அந்த மனுசன் படிவத்தத் தொறந்தே பாக்கிறதில்ல. டிக் இருந்தா அனுப்பிருவாராம்."

மேடம் தேநீரை ஆற்றிக் குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்களில் கோபம் ஏதும் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அமலா, வேற ஏதும் சொல்லணுமாம்மா? இன்னும் நேரங் கெடக்கு."

அப்போது மணி பன்னிரண்டே கால்.

"இல்லை மேடம்" என்றேன்.

"சரி" என்றார். தேநீருக்குக் காசு கொடுத்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு நான் ஐந்து படிவங்களைச் சரிபார்த்தேன். ஐந்திலும் எதைச் சரிபார்த்தேன் என்று நினைவில்லை. நாலரை மணிக்கு ராபின் சார் தமது அறைக்கு எங்களை அழைத்தார். மேசையில் புகார்க் கடிதம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. 'செல்வி சுகன்யா' என்ற பெயரை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன்.

"மேடம், நீங்க ஏதாச்சும் கண்டுபிடிச்சிருந்தா சொல்லுங்க. இல்லேன்னா நான் கையெழுத்துப் போடணும். எனக்கும் பிடிக்கல. அந்தப் புள்ள நல்லா வேல பாத்த புள்ளதான். ஆனா ஒரு பேரு குடுக்காட்டி எங்கிட்டயே நஷ்டஈடு கேப்பான். வீட்ட வித்தாலும் கட்ட முடியாது."

"பேனாவ மூடி வைங்க தம்பி. பிராங்கிளின், அந்தப் பையக் கொண்டா."

பிராங்கிளின் ஒன்பது டப்பாக்களையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். மேடம் ஒவ்வொரு மூடியாகத் திறந்தார். ஒன்று காலி. இரண்டு காலி. ஒன்றின் அடியில் தால்சாவின் மஞ்சள் கறை ஒட்டியிருந்தது.

"இது யாருது?"

"அஜய் மேடம்" என்றார் பிராங்கிளின். "கழுவுறதுன்னா என்னன்னு அவங்கம்மாகிட்டக் கேட்டுட்டு வரச் சொல்லுங்க."

எட்டு டப்பாக்கள் காலியாக இருந்தன. ஒன்பதாவதைத் திறந்தபோது அதற்குள் ஒரு கருப்பட்டித் துண்டு இருந்தது.

"அட, இனாம்!" என்று பிராங்கிளின் கையை நீட்டினார். மேடம் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"ஏலே, அது சாட்சி."

ராபின் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "கருப்பட்டியா மேடம்? இதுக்கும் எண்ணெய்க்கும் என்ன?"

"நம்ம ஊர்ல சில வீட்டுல ஒரு பழக்கம் இருக்கு தம்பி. அடுத்தவுக பாத்திரத்த வெறுமனே திருப்பி அனுப்பமாட்டாக. ஒரு பழமோ, ஒரு கை சீனியோ, கைக்குக் கெடச்சத உள்ள போட்டுத்தான் குடுப்பாக. யோசிச்சுச் செய்யிறதில்ல, கை தானாச் செய்யும். இப்பப் பாதிப் பேருக்கு அது மறந்துபோச்சு. அதான் ஒம்பது பேருக்குச் சோறு கட்டிக் குடுத்தேன். வெறும் பாத்திரத்த வெறுமனே அனுப்ப மனசு வராத ஆளு இந்த ஆபீசுல யாருன்னு பாக்கணும்னு தோணுச்சு. மாசாமாசம் ஒரு கிணறு காலியா வருது. அத அப்பிடியே அனுப்பாம ஒண்ணே ஒண்ணப் போட்டு அனுப்பிருக்காக."

மேடம் அந்த டப்பாவை மேசையின் மேல் மெல்லத் தள்ளினார். அது என் முன்னால் வந்து நின்றது. அவர் என் பெயரைச் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கு நாற்பது.

"நான்தான் சார்" என்றேன்.

கீழே பூட்டுக் கடையில் யாரோ சாவியைப் போட்டுத் திறந்து பார்க்கும் ஓசை கேட்டது.

"நீங்களா? ராணி மேடம்... நீங்க செக் பண்றவங்களாச்சே. காசு கீசு ஏதும்..."

"இல்லை சார். ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் வாங்கல."

"அப்ப ஏன்?"

அன்று தடுமாறிச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வேடசந்தூருக்குக் கிழக்கே எங்களுக்கு ஒரு கிணறு இருந்தது. அது வற்றிய பிறகும் என் தகப்பனார் தினமும் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரில் ஒரு செம்பைக் கொண்டுபோய் அதற்குள் ஊற்றிவிட்டு வருவார். வெறுங்கிணறாக விடக் கூடாது என்பார். படித்தவள் என்ற முறையில் நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். முப்பத்தொன்றாம் கிணற்றை ஆறு ஆண்டுகளாக மாதந்தோறும் பார்த்தவள் நான். முதல் முறை சுழி வந்தபோது, மூடிய படிவத்தைத் திறந்து சுழியை அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன். வரி மூன்று டாலர் சொச்சம். யாருக்கும் தெரியாது என்று எண்ணினேன். அடுத்த மாதம் எண்ணவும் இல்லை. என் கை எழுதியது.

"செம்புத் தண்ணியா..." என்ற ராபின் சார் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் என்னைத் திட்டவில்லை. புகார்க் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு கணினியின் முன் அமர்ந்து வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். என் பெயரைத் தட்டச்சு செய்யும்போது மட்டும் ஒரு விநாடி நிறுத்தி, "எழுத்துச் சரியான்னு பாத்துச் சொல்லுங்க மேடம்" என்றார். பழக்கம்.

நான் பார்த்தேன். சரியாக இருந்தது.

படியில் இறங்கும்போது மேடம் என் பக்கத்தில் வந்தார்.

"காலையிலயே தெரியும். ஒன் டப்பாவ வாங்கும்போதே உள்ள என்னமோ உருண்டுச்சு."

"அப்ப ஏன் மேடம் அப்பவே சொல்லல?"

"சின்னாளபட்டியில அந்தப் புள்ளயப் பாத்தா நீயே வாயத் தொறப்பன்னு நெனச்சேன். டீக்கடையில தொறப்பன்னு நெனச்சேன்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "அவளுக்கு எப்பலேருந்து தெரியும்னு நெனைக்கிற?"

நான் நின்றுவிட்டேன்.

"தாளக் குடுத்தேன். ஒண்ணும் தெரியாதவளா இருந்தா எந்தக் கிணறு, எந்த மாசம்னு தேடிப் படிக்கணுமா இல்லையா? அவ பாக்கவே இல்ல. ஒன் காலத்தான் பாத்தா. ஒன்னய ஆபீசுல விட்டப்புறம், ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லி அவகிட்ட போன்ல கேட்டேன். மூணாவது மாசமே பாத்துட்டாளாம். அக்கா போட்டா ஏதாச்சும் ரூல் இருக்கும்னு விட்டுட்டாளாம். அப்புறம் வெளிய அனுப்புன அன்னைக்கு, வேல வாங்கிக் குடுத்த ஒன்னயக் காட்டிக் குடுக்க வாய் வரலையாம்."

பிராங்கிளின் ஆட்டோவைக் கிளப்பாமல் அமர்ந்திருந்தார். அன்று மாலை என்னை வீட்டில் இறக்கிவிடும் வரை அவர் ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், "டீச்சர், பாத்துப் போங்க. படி ஈரமா இருக்கு" என்றார்.

இழப்புகளின் கணக்கை முறைப்படி கீழே தருகிறேன். இதை யாரும் சரிபார்க்கவில்லை.

நாற்பத்தேழு கிணறுகளின் வேலை எங்கள் அலுவலகத்திலிருந்து போனது. உண்மை தெரிந்ததும் அந்த வாடிக்கையாளர் வழக்குத் தொடரவில்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை.

தை மாதம் அலுவலகம் மூடப்பட்டது. சுகன்யாவுடையதையும் சேர்த்தால் போனவை ஒன்பது வேலைகள். அஜய் தன் பைக்கை விற்றான்.

ராபின் சாரின் வீடு தப்பியது. அவருடைய கார் தப்பவில்லை.

சுகன்யாவின் அனுபவச் சான்றிதழ் வெள்ளிக்கிழமை கொடுக்கப்பட்டது. அதில் குறை ஏதும் இல்லை. கோவை நிறுவனத்திலிருந்து ஒருவர் புதன்கிழமையே தொலைபேசியில் விசாரித்துவிட்டார். அந்த அழைப்பை எடுத்தவர் அவள் வேலையை விட்டு அனுப்பப்பட்டவள் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. இப்போது தாயாருடன் தறியில் அமர்கிறாள். அந்த அழைப்பை எடுத்தவள் நான்தான். கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னேன்.

அவள் என்னை அக்கா என்று அழைத்தது: கடைசியாக, அவர்கள் வீட்டு வாசலில்.

முப்பத்தொன்றாம் கிணறு சிமெண்ட் ஊற்றி மூடப்பட்டது.

எண்ணெய்: பதினோரு பீப்பாய். அது எப்போதும் இருந்ததில்லை; ஆகவே இழப்பில் சேராது.

கமர்ஜஹான் மேடம் அந்த டப்பாவைக் கருப்பட்டியுடன் அன்று என்னிடமே கொடுத்து அனுப்பியிருந்தார். மறுவாரம் பேகம்பூரில் அவர் வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். கழுவித் துடைத்திருந்தேன். உள்ளே ஒன்றும் வைக்கவில்லை.